சந்திரமதி அழுதாளா? சோக வேடத்தின் சூட்சுமம்

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஆயா ஊரில் அரிச்சந்திரா கூத்து. பிள்ளைகள் எல்லாம் களத்தை ஒட்டி, மத்தளக்காரரின் காலடியில் உட்கார்ந்திருந்தோம். இரவு இரண்டு மணி தாண்டி மயான காண்டம் வந்தது. சந்திரமதி வேடம் கட்டியவர் பகலில் கரும்பு வெட்டப் போகிறவர். பாம்பு தீண்டிச் செத்துக் கிடக்கும் லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறார். எனக்குப் பின்னால் பெண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம். செத்துப்போன லோகிதாசனுக்குக் கொசு கடித்திருக்க வேண்டும், வெடுக்கென்று காலை இழுத்தான். அடுத்த அடி எடுக்க மூச்சு வாங்குகிற அந்த அரை நொடியில், உதட்டை அசைக்காமல், "காலை ஆட்டாதடா" என்றார் சந்திரமதி. உடனே சுதி பிசகாமல் பாட்டைத் தொடர்ந்தார். முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. பின்னால் இருந்த முந்நூறு பேருக்குக் கேட்கவில்லை. அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

அவருடைய கண்ணைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஏமாற்று வேலையாகப் பட்டது. இப்போது யோசித்தால், சோக வேடம் என்றால் என்ன என்பதற்கு அந்த அரை நொடியைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நாம் பேசுவது வேறு மாதிரி. கூத்து முடிந்து டீக்கடையில் நிற்கிறவர்கள் "சந்திரமதி என்னமா அழுவுறான்யா" என்பார்கள். சினிமாப் பேச்சில் 'டிராஜடி குயின்' என்று ஒரு பட்டம் உண்டு. சீரியல் பார்க்கிறவர்கள் 'அழுமூஞ்சி கேரக்டர்' என்று முடித்துவிடுவார்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: நிறைய அழுகிறவர், நன்றாக அழுகிறவர் சோக நடிகை. மேடையைப் பொறுத்தவரை இது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

துக்க வீட்டிலிருந்து தொடங்கலாம்

ஒரு சாவு வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பறைச் சத்தம். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து இறங்கி, தெரு முனையிலிருந்தே நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறார். நீங்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறீர்கள். மனசு கனக்கிறது, ஆனால் கண் கலங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மனைவியைப் பறிகொடுத்த அந்தப் பெரியவர், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்கிறார்: "அம்மாவுக்கு மாத்திரை குடுத்தியாம்மா?"

அவ்வளவுதான். அங்கே இருக்கிற எல்லோருக்கும் உடைந்துவிடுகிறது.

நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவருடைய துக்கம் பொய்யில்லை. ஆனால் அவர் அழுகை முழுவதையும் தானே அழுது தீர்த்துவிட்டார். நமக்கு மிச்சம் வைக்கவில்லை. பெரியவரோ அழவே இல்லை. அவர் சொல்லாமல் விட்டதை நாம் நிரப்பிக்கொண்டோம். நிரப்புகிற அந்த வேலைதான் நமக்குக் கண்ணீராக வருகிறது.

தளும்பத் தளும்பத் தண்ணீர் மொண்ட குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மேட்டில் ஏறுகிறாள் என்றால், பார்க்கிற எல்லோருடைய கண்ணும் குடத்தின் வாயில்தான் இருக்கும். சிந்திவிட்டால் 'அடடா' என்று திரும்பிக்கொள்வோம். சிந்தாத வரைக்கும் கண்ணை எடுக்க முடியாது. சோக வேடக்காரர் மேடையில் செய்வது ஏறக்குறைய இந்த வேலைதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: துக்கத்தைக் கொட்டுவது ஒன்று, துக்கத்தைச் சுமந்துகொண்டு நிற்பது இன்னொன்று. மேடைக்கு வேண்டியது இரண்டாவது.

சோகம் வேறு, துன்பியல் வேறு

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். லாரி மோதி ஒருவர் இறந்துபோனால் அது சோகம். அதை அப்படியே மேடையில் போட்டால் துன்பியல் நாடகம் ஆகாது. துன்பியல் என்பது, ஒரு மனிதர் தன்னுடைய குணத்தாலோ தான் எடுத்த முடிவாலோ அழிவை நோக்கி நடப்பதைக் காட்டும் நாடகம். அவர் திரும்பிவிட வழி இருக்கும். நமக்கும் அது தெரியும். ஆனால் திரும்ப மாட்டார்.

அரிச்சந்திரன் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் நாடு போயிருக்காது, பெண்டாட்டி பிள்ளையை விற்றிருக்க வேண்டாம், சுடுகாட்டுக் காவலுக்குப் போயிருக்க வேண்டாம். அந்தப் பொய்யை அவன் சொல்ல மாட்டான் என்பதுதான் நாடகம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படிப்புப் படித்த பெரியவர்களுக்கு ராசின் எழுதிய 'ஃபேத்ர்' தெரிந்திருக்கும். 1677இல் பாரிசில் மேடையேறிய நாடகம். அதில் வரும் அரசி, கணவனின் முதல் தாரத்து மகன் மேல் ஆசைப்பட்டுவிடுகிறாள். தப்பு என்று அவளுக்கே தெரியும், தன்னையே வெறுக்கிறாள், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அரிச்சந்திரனை அழிப்பது அவனுடைய நல்ல குணம், ஃபேத்ரை அழிப்பது அவளுடைய ஆசை. இரண்டும் துன்பியலின் இரண்டு கரைகள். இப்படிப்பட்ட வேடங்களில் பேர் வாங்கிய நடிகைக்குப் பிரெஞ்சில் தனிச் சொல்லே உண்டு: திராஜெதியென். தமிழில் நாம் அதைச் 'சோக நடிகை' என்று சுருக்கியதில்தான் பாதிக் குழப்பம் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அழுகைக்கு நாலு வாசல்

சரி, நமக்கு எப்போது அழுகை வருகிறது? இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியத்தில் நேரடியான பதில் இருக்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரியும்படி வெளிப்படுவது மெய்ப்பாடு. அப்படி எட்டு உண்டு, அவற்றில் ஒன்று அழுகை. அந்த அழுகை எதனால் வரும் என்று நான்கு காரணங்களை அடுக்குகிறது நூல்: இளிவு, இழவு, அசைவு, வறுமை.

இளிவு என்றால் நாலு பேர் முன்னால் கேவலப்படுவது. இழவு என்றால் இழப்பது, 'இழவு வீடு' என்று இன்றைக்கும் சொல்கிறோமே அதே சொல். வறுமைக்கு விளக்கம் வேண்டாம். அசைவுதான் கவனிக்க வேண்டியது. முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து போய் வருந்துவதை அசைவு என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அதாவது ஏழையாக இருப்பது வேறு, வாழ்ந்து கெட்டது வேறு.

இப்போது சந்திரமதியை இந்த நாலு வாசலிலும் நிறுத்திப் பாருங்கள். காசித் தெருவில் விலை கூவி விற்கப்பட்டாள், அது இளிவு. மகனைப் பாம்பு தீண்டியது, அது இழவு. அயோத்தி அரசி அடிமை வேலைக்காரி ஆனாள், அது அசைவு. மகனை எரிக்கக் கால் பணம் கையில் இல்லை, அது வறுமை. நாலு கதவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. தமிழ்நாட்டு மேடையில் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு வேடம் ஏன் தேயவில்லை என்று கேட்டால், என் பதில் இதுதான்.

இதில் ஒரு தொழில் ரகசியமும் இருக்கிறது. அசைவு பலிக்க வேண்டுமானால், விழுவதற்கு முன் இருந்த உயரத்தைப் பார்ப்பவர் பார்த்திருக்க வேண்டும். நல்ல சந்திரமதி முதல் காட்சியில், அரசியாக வரும்போதே, மயான காண்டத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார். நடையில் ஒரு நிதானம், தோழியைக் கூப்பிடும் குரலில் ஒரு அதிகாரம். கடைசிவரை அந்த நடை மாறாது. அடிமையாகக் குடம் தூக்கும்போதும் அரசியின் நடைதான். அதைப் பார்க்கும்போதுதான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆரம்பத்திலிருந்தே பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

பார்ப்பவருக்கு முன்பே தெரியும்

கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு கடிக்கிறது. சேதி வருகிறது. வாங்கின வீட்டில் 'வேலையை முடித்துவிட்டுப் போ' என்கிறார்கள். முடித்துவிட்டு, ராத்திரியில் தனியாகப் போய்ப் பிணத்தைத் தேடி எடுத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டு வருகிறாள். காவல்காரன் மறிக்கிறான். கால் பணமும் முழத்துண்டும் கொடுத்தால்தான் எரிக்கலாம் என்கிறான். இல்லை என்கிறாள். 'கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு' என்கிறான்.

அவள் திடுக்கிடுகிறாள். அந்தத் தாலி அவளுடைய கணவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

காவல்காரன் யார் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். அவளுக்குத் தெரியாது. பிணம் யாருடையது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இப்படிப் பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்கும் நிலையை நாடக முரண் என்பார்கள். எளிய சொல்லில், கிணறு இருக்கும் இடம் நமக்குத் தெரியும், இருட்டில் நடந்து வருகிறவருக்குத் தெரியாது. கத்த வேண்டும் போல் இருக்கிறது, ஆனால் நாம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவர்கள். கத்த முடியாது.

இந்த நேரத்தில் நடிகை அழுது தீர்த்தால் என்ன ஆகும்? நம்முடைய கவனம் அவளுடைய கண்ணீருக்குப் போய்விடும். அவளுக்குத் தெரியாத விஷயத்தை விட்டுவிடுவோம். அதனால் கை தேர்ந்தவர்கள் தாலி என்ற சொல் விழும் இடத்தில் ஒன்றுமே செய்ய மாட்டார்கள். அசையாமல் நிற்பார்கள். ஆர்மோனியம்கூட நின்றுவிடும். கூட்டம் அந்த நிசப்தத்தைத் தாங்க முடியாமல் தவிக்கும். கை மட்டும் மெதுவாகக் கழுத்துக்குப் போகும்.

ஒரு வரியில் சொன்னால்: விழுந்த உயரமும், நமக்கு முன்பே தெரிந்த சேதியும், நடிகையின் நிதானமும் சேரும் இடத்தில் நாம் அழுகிறோம்.

தொண்டை அடைத்தால் பாட்டு வராது

இனி உடம்புக் கணக்கு. நிஜமாக அழுகிறபோது தொண்டையில் ஏதோ கட்டி போல அடைக்கிறது அல்லவா? அதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சுக்குழலின் மேல் முனையில், குரல் பிறக்கும் இடத்துக்குக் குரல்வளை என்று பேர். மனசு கலங்கும்போது உடம்பு நிறையக் காற்றை இழுப்பதற்காக அங்கே இருக்கும் திறப்பை அகலத் திறந்து வைக்கப் பார்க்கிறது. எச்சில் விழுங்கவோ அதை மூட வேண்டும். இந்த இழுபறிதான் கட்டி போலத் தோன்றுகிறது. கூடவே மூக்கு அடைக்கும், மூச்சு விக்கி விக்கி வரும், குரல் நம் சொல்படி கேட்காது.

அந்த நிலையில் யாரும் பாட முடியாது. பாடவே முடியாதபோது, மைக் இல்லாத காலத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடுவது எப்படி? நம் மேடையில் சோகம் என்பது பெரும்பாலும் பாட்டு. ஆகவே நம் சோக நடிகைக்கு நிஜமாக அழும் வசதியே கிடையாது. அவர் அழுகையின் அடையாளங்களைப் பொறுக்கி எடுத்துப் பாட்டில் வைக்கிறார்: ஒரு அடியின் கடைசியில் குரலைத் தேய விடுவது, சொல்லுக்கு நடுவில் மூச்சை முறிப்பது, ஒப்பாரியின் இழுப்பைக் கொண்டுவருவது. கேட்கிறவருக்கு அழுகை. பாடுகிறவருக்குக் கணக்கு.

இடையில் ஒன்று. 'முகாரி பாடாதே' என்று சொல்லிச் சொல்லி, முகாரி ராகம் என்றாலே சோகம் என்று வைத்துவிட்டோம். தியாகராஜரின் 'எந்தனினே' முகாரிதான். சபரியின் பாக்கியத்தை எப்படிப் புகழ்வேன் என்று வியக்கும் பாட்டு அது, அதில் துக்கமே இல்லை. ராகம் தானாக அழுவதில்லை. பாடுகிறவர் எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் விஷயம்.

ஸ்திரீ பார்ட்டும் கருவடிக்குப்பமும்

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் பெண் வேடம் பெரும்பாலும் ஆண்கள் கட்டுவது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, பல ஊர்களில் துகில் உரியும் காட்சிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். திரௌபதி வேடத்தில் நிற்பவர் முந்தாநாள் வரை நம்மோடு பீடி பிடித்தவராக இருக்கலாம். அந்த நேரத்தில் அவர் அம்மன்.

கம்பெனி நாடகக் காலத்திலும் ரொம்ப நாள் இப்படித்தான். பெண் வேடத்துக்கு 'ஸ்திரீ பார்ட்' என்று பேர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் எல்லோரும் பையன்கள். சிறுமீசை அரும்பாத பையன்தான் அங்கே சந்திரமதி, அவனேதான் வள்ளி. பையன்களுக்குச் சொந்தச் சோகம் என்ன இருக்கும்? எங்கே மூச்சு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள், கொட்டகை அழுதது. அழ வைக்க அழத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தச் சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம ஊர்க்காரர் இல்லை, தூத்துக்குடிச் சீமை. ஆனால் அவர் காலமானது புதுச்சேரியில், 1922 நவம்பர் 13. அடக்கமானது கருவடிக்குப்பம் இடுகாட்டில். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று சொல்லப்படுகிறவரின் சமாதி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ஈ.சி.ஆர். போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் யோசித்ததுண்டு.

பெண்கள் வந்த கதை தனி. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார், ஆண் வேடமும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகத்துக்குத் தனி ரயில் விட்டதாக நாடக வரலாற்றில் சொல்வார்கள். பெண்கள் வந்த பிறகு ஒரு புதுத் தொந்தரவும் வந்தது. ஸ்திரீ பார்ட் கட்டிய ஆணைப் பார்த்து 'எவ்வளவு கெட்டிக்காரன்' என்ற அதே கூட்டம், பெண் அதையே செய்தபோது 'பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ' என்றது. தொழில் திறமை கண்ணில் படாமல் போயிற்று.

மெழுகுவர்த்தியைக் கீழே வைத்த பெண்

வெளிநாட்டு மேடையில் சோக வேடத்துக்குப் பேர் போனவர்களில் சிலரைப் பார்த்தால், அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சின்ன காரியத்தால் நினைவில் நிற்கிறார்கள். ஓ என்று அழுததால் யாரும் நிற்கவில்லை.

சாரா சிடன்ஸ் (1755–1831) இங்கிலாந்துக்காரர். 1775 கடைசியில் லண்டன் டுரூரி லேன் கொட்டகைக்கு வந்து, எடுபடாமல் திரும்பிப் போனார். வெளியூர் மேடைகளில் ஏழு வருஷம் தேய்ந்து, 1782இல் திரும்பி வந்தபோது லண்டன் அவர் காலில் விழுந்தது. 1785இல் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் சீமாட்டி மேக்பெத் வேடம். கொலைக்குத் துணை போன சீமாட்டி தூக்கத்தில் நடந்து வந்து, கையில் இல்லாத ரத்தக்கறையைக் கழுவுகிற காட்சி. அதுவரை நடித்தவர்கள் கையில் மெழுகுவர்த்தியைக் கடைசிவரை பிடித்தபடியே நடித்தார்கள். சிடன்ஸ், 'கழுவ வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டுமே' என்று மெழுகுவர்த்தியைக் கீழே வைக்க முடிவு செய்தார். கொட்டகையை நடத்திய ஷெரிடன், வழக்கத்தை மாற்றாதே என்று கெஞ்சிப் பார்த்தார். சிடன்ஸ் கேட்கவில்லை. கீழே வைத்தார். இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினார். பார்த்தவர்களுக்கு உடம்பு சில்லிட்டது. 1812இல் அவர் விடைபெற்ற இரவில், இந்தக் காட்சி முடிந்ததும் கூட்டம் எழுந்து, மீதி நாடகத்தை நடத்த விடவில்லை. இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பிரான்சில் ராஷேல் (1821–1858). ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும் ஏழை யூதக் குடும்பத்துப் பெண், தெருவில் பாடிக் காசு வாங்கியவர். 1838இல் பதினேழு வயதில், பிரான்சின் அரசு நாடகக் கொட்டகையான காமெடி பிரான்சேஸில் மேடையேறினார். 1843இல் ஃபேத்ர் வேடம். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல், கையைக் காலை வீசாமல் நின்று பேசுகிற பாணி. முப்பத்தாறு வயதில் காசநோயில் இறந்தார்.

அவருக்குப் பிறகு அதே ஃபேத்ர் வேடத்தில் உலகப் புகழ் பெற்றவர் சாரா பெர்னார் (1844–1923). இவர் ராஷேலுக்கு நேர் எதிர், ஆடம்பரக்காரி. சவப்பெட்டிக்குள் படுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மேடையில் சாகும் காட்சிகளுக்காகவே டிக்கெட் விற்றது. 1915இல் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அப்புறமும் நடித்தார். அவருக்குப் புகழ் தந்தது குரல். தங்கக் குரல் என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடினார்கள்.

உள்ளே அழ வேண்டுமா?

இது பெரிய பஞ்சாயத்து, இன்னும் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் கிளேரோன், துமெனில் என்று இரண்டு துன்பியல் நடிகைகள் ஒரே காலத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். கிளேரோன் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே தீர்மானித்து, ஒத்திகை பார்த்து, அப்படியே செய்வார். துமெனில் மேடையில் அந்த நேரத்து ஆவேசத்தில் நடிப்பார், பல இடங்களில் சாதாரணமாக இருந்துவிட்டு ஒரு இடத்தில் மின்னல் போல வெட்டுவார். திதரோ என்ற எழுத்தாளர் இவர்களை வைத்தே ஒரு வாதத்தைக் கட்டினார்: உள்ளம் உருகி நடிப்பவர் முதல் நாள் நன்றாக நடிப்பார், மூன்றாம் நாள் வற்றிவிடுவார். தினமும் ஒரே தரத்தில் அழ வைக்க வேண்டுமானால் நடிகருக்குத் தலை குளிர்ந்திருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பிலும் பலமான சாட்சி உண்டு. இத்தாலியின் எலியோனோரா தூஸே (1858–1924) முகத்துக்குச் சாயம் பூசாமல் மேடையேறுவார். 1895இல் லண்டனில் அவரும் சாரா பெர்னாரும் ஒரே நாடகத்தில் ஒரே வேடத்தைத் தனித்தனியே நடித்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு பழைய காதலனைப் பார்க்கிற இடம். தூஸேயின் முகம் மெல்ல, நிஜமாகவே சிவந்தது. பெர்னார்ட் ஷா அன்றைக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்திருந்தார், அது நடிப்புத்தானா என்று அசந்துபோய், இரண்டு பேரில் தூஸேதான் என்று எழுதினார். முகச் சிவப்பை யாராலும் கணக்குப் போட்டு வரவழைக்க முடியாது. உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

என் கட்சி எது என்றால், நான் கிளேரோன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் ஒரு திருத்தத்தோடு. எங்கள் கரும்பு வெட்டுகிற சந்திரமதிக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பையனின் காலை அழுத்திப் பிடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பெண்ணம், சொந்த வாழ்க்கையில் சோகம் இருந்தால்தான் சோக வேடம் வரும் என்பது. கே. பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இது கிளம்பும். 1933இல் அவருடைய கணவரும் மேடை நடிகருமான கிட்டப்பா முப்பது வயதுகூட நிறையாமல் இறந்தார். சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவைதான் உடுத்தினார், ஆணோடு ஜோடி சேர்ந்து நடிக்கவில்லை. அந்தத் துயரம் உண்மை. ஆனால் அவர் மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போட்டது அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே. உச்ச சுருதியில் உடையாமல் நிற்கும் குரல் துக்கத்தில் முளைப்பதில்லை, சாதகத்தில் முளைப்பது.

பதினாறாம் நாள் கூத்து

கடைசியாக ஒரு கேள்வி. வீட்டில் இருக்கிற கஷ்டம் போதாதென்று, பாயைச் சுருட்டிக்கொண்டு போய் விடிய விடிய அழுதுவிட்டு வருகிறோமே, எதற்கு?

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதற்கு 'கதார்சிஸ்' என்று ஒரு சொல் சொன்னார். மனசில் தேங்கிய பயமும் இரக்கமும் நாடகம் பார்ப்பதால் கழுவிப் போவது என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வட தமிழ்நாட்டில் இறந்தவர் வீட்டுக் கருமாதியில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. சொந்தப் பிணத்துக்காகப் பதினைந்து நாள் அழுது, தொண்டை கட்டி, மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிற வீடு. அங்கே கர்ணன் போருக்குக் கிளம்புகிறான். பொன்னுருவி தடுக்கிறாள். திரும்பி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெண் பொன்னுருவிக்காக அழ ஆரம்பிக்கிறாள், பாதியில் அது தன் புருஷனுக்கான அழுகையாக மாறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தடுக்க மாட்டார்கள். கூத்துக்காரரும் அந்த அடியை இன்னொரு முறை திருப்பிப் பாடுவார், அவள் அழுது முடிக்கட்டும் என்று.

அதற்கு அவர் அவளைக் கவனித்துக்கொண்டே பாட வேண்டும். தன் கண்ணீர் மறைத்தால் அவள் முகம் தெரியாது.

நெல்லிக்குப்பத்துக் கதையை முடிக்கவில்லையே. விடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ஆயாவிடம் போட்டுக்கொடுத்தேன். "ஆயா, அந்த ஆளு அழவே இல்ல. அந்தப் பையன்கிட்ட காலை ஆட்டாதடான்னு சொல்றாரு. எல்லாம் பொய்."

ஆயாவின் முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது. வெற்றிலைச் சுருக்குப் பையைத் துழாவிக்கொண்டே சொன்னது:

"அவனும் ஒக்காந்து அழுதுட்டா, புள்ளைய யாருடா பாத்துக்குவா?"